லெட்டர் இருந்தால் போதும்

அடியே,

இன்று காலை அச்சகத்திலிருந்து புது பிராஸ்பெக்டஸ் கட்டுகள் வந்து இறங்கின. சணலை அறுத்ததும் மை வாடையும் பசை வாடையும் ஆபீஸ் முழுக்க ஏறிக்கொண்டது. நீ இருந்திருந்தால் முதல் புத்தகத்தை விரித்து முகத்தை உள்ளே விட்டிருப்பாய். நான் நேரே ஆறாம் பக்கத்துக்குப் போனேன். இருக்கிறாய். நீலத் திரைக்கு முன்னால் எடுத்த அதே பாஸ்போர்ட் படம், எண்ணெய் வழியச் சீவிய தலை, சிரிக்கலாமா வேண்டாமா என்று ஸ்டுடியோக்காரரைக் கேட்கிற முகம். கீழே உன் பெயர். அதற்கும் கீழே "ஆராய்ச்சி மாணவி" என்று போட்டு, நாடே பெயர் சொல்லும் அந்த நிறுவனத்தின் பெயர். நீ செத்து நாலு வருஷம் ஆகிறது.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. வடக்கே இருக்கிறது, அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அவ்வளவு போதும். அந்தப் பெயரைப் போட்டுப் போட்டே நம் கல்லூரி பேர் வாங்கிக்கொண்டது. நான் வேறு எதற்கு?

ஆறாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்சு. என் அப்பா சுரங்கத்தில் பர்மனெண்ட், எங்களுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். உன் அப்பா அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட், உங்களுக்கு டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் ஓட்டு வீடு. என்னை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ பர்மனெண்டு"தான். எனக்குக் கோபம் வரும், அதற்காகவே இன்னும் இரண்டு தரம் கூப்பிடுவாய். பிளஸ் டூவில் என்னைவிட எக்கச்சக்கமாக மார்க் வாங்கினாய். கவுன்சிலிங்கில் கடலூர் போகிற ரோட்டில் இருக்கும் இந்தத் தனியார் பொறியியல் கல்லூரியில் உனக்கு எலக்ட்ரிகல் கிடைத்தது. நான் தபால் வழியில் பி.காம். முடித்து அதே கல்லூரி ஆபீஸில் கிளார்க்காக வந்து சேர்ந்தேன்.

நீ துறையில் முதல் மாணவியாக வெளியே வந்தாய். வாசலில் உனக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். வேலைக்கு வந்த கம்பெனிகளோ இங்கிலீஷ் பேச வரவில்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் இங்கேயே லேப் அசிஸ்டெண்ட் ஆனாய். வேலைக்குச் சேருகிறவர்கள் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரியிடம் ஒப்படைக்க வேண்டும், இது இங்கே வழக்கம். பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடக் கூடாதாம். பீரோ சாவி என்னிடம். பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரைக்கும் இருந்த உன் கவரை வாங்கி, ரிஜிஸ்டரில் எண் போட்டு உள்ளே வைத்தது நான்தான். "பத்திரமா வெச்சிக்கோடி. எங்க வூட்ல மழை பெஞ்சா ஒழுவும். இங்கன்னா ஈரம் படாது" என்று நீயே சந்தோஷமாகக் கொடுத்தாய்.

கல்லூரிகளுக்கு வரிசை எண் போடுகிற பட்டியல்கள் அந்த வருஷங்களில்தான் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம், அதில் ஒரு கட்டம்: படித்து முடித்தவர்களில் மேல்படிப்புக்குப் போனவர்கள் யார் யார், அதில் முதல் தரமான நிறுவனங்களுக்குப் போனவர்கள் எத்தனை பேர். தாளாளர் உடனே "உயர்கல்வித் தகவல் பிரிவு" என்று கதவில் போர்டு மாட்டிவிட்டார். உள்ளே போனால் நீ, நான், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் வைத்த ஒரு போன். பிரிவு அவ்வளவுதான்.

மே மாதம் முழுக்க போன்தான். பழைய மாணவர்களிடம் கேட்க வேண்டியது மூன்று கேள்வி. என்ன செய்கிறீர்கள், எங்கே படிக்கிறீர்கள், அட்மிஷன் லெட்டரைப் படம் எடுத்து அனுப்புவீர்களா. நான் கேட்டால் பாதிப் பேர் கட் பண்ணிவிடுவார்கள், நன்கொடை கேட்கிறோம் என்று நினைத்து. நீ அப்படிக் கேட்க மாட்டாய். "அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்னு சொல்லிக்கினு இருந்தியே, இப்ப நல்லா இருக்காங்களா?" என்று ஆரம்பிப்பாய். பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசுவாய். பேச்சை முடிக்கும்போது லெட்டர் வந்து விழுந்திருக்கும்.

ஒரு அம்மா, "எம்புள்ள லண்டன்ல படிக்குதும்மா" என்றார். பின்னாலிருந்து அவன் குரல் ஸ்பீக்கரில் கேட்டது: "ம்மா, சோறு போடு, பசிக்குது." நீ மரியாதையாக "சரிங்கம்மா, நல்லா படிக்கட்டுங்க" என்று வைத்துவிட்டு, "லண்டன் பண்ருட்டி வரைக்கும் வந்துட்ச்சுடி" என்றாய். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்தது. அந்த அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்ததும் நீதான். மறுநாள் அவரைக் கூப்பிட்டு, பையனுக்குத் தெரியாமல், ஏதாவது வேலை காலி இருந்தால் சொல்கிறேன் என்று பேசினாய்.

போனில் பிடிபடாதவர்களை வேறு வழியில் பிடித்தோம். இணையத்தில் அவரவர் போட்டிருக்கும் படிப்பு விவரத்தைப் படம் பிடித்து வைத்தோம். கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்தோம். நம் ஊரில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே எம்.எஸ்., அதற்குக் கீழே அமெரிக்காவில் எந்த யுனிவர்சிட்டி என்பதெல்லாம் தங்க எழுத்தில் வருமே! மண்டப வாசலில் வரவேற்பில் நிற்கிறவர்களிடம் வாங்கி, ஹேண்ட்பேக்கில் மடித்துக்கொண்டு வருவாய். "சாமி படத்த வெட்டிட்டு ஸ்கேன் பண்ணு, ப்ரூஃபு சுத்தமா இருக்கட்டும்" என்று கிண்டல் வேறு.

இதற்கும் அகப்படாதவர்களுக்கு நேரே நீ "தெரியவில்லை" என்று போட்டாய். அந்த வரிசை நீளமாக இருந்தது. தாளாளர் வந்து பார்த்துவிட்டு, "தெரியலன்னா படிக்கிறான்னு போடும்மா. படிக்கிறவன்தான் போன் எடுக்க மாட்டான்" என்றார்.

"சார், அதுல நெறைய பேரு திருப்பூர் பனியன் கம்பெனில இருக்காங்க சார். எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். ஃபார்முக்குத் தெரியுமா?"

நீ மாற்ற மாட்டேன் என்று மௌஸை விட்டுக் கையை எடுத்துவிட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்து மாற்றினேன். என் லட்சணம் அன்றைக்கே தெரிந்துபோனது, நீதான் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் மட்டும் எத்தனை தில்லுமுல்லு செய்தாலும் காலியாக இருந்தது. வடக்கே இருக்கும் அந்த நிறுவனத்துக்கு நம் கல்லூரியிலிருந்து ஒருவரும் போனதில்லை. அதைப் பற்றிப் பொய் எழுதத் தாளாளருக்கே பயம். ஒருநாள் நீ அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானே போய் ரொப்பிட்டா இன்னா?" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எட்டு மாதம், பஸ்ஸில் நின்றுகொண்டு, லேபில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, சாப்பாட்டு நேரத்தில் இடது கையில் புத்தகத்தோடு படித்தாய். முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதினாய். இன்டர்வியூவுக்கு என் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய் வந்தாய். கிடைத்துவிட்டது.

தபாலில் வந்த லெட்டரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வடக்குத்திலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வரைக்கும் சைக்கிள் மிதித்து வந்தாய். அம்மா கேசரி கிளறினாள். என் அப்பா லெட்டரை இரண்டு தரம் படித்துவிட்டு, "நம்ம பிளாக்குலயே எவனுக்கும் கிடைக்கலையே இது" என்றார். உனக்கு முகம் ஜொலித்தது. நானும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை, நம்பு.

லெட்டரின் அடியில் ஒரு வரி இருந்தது. ஜூலையில் குறிப்பிட்ட நாளில் ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும். நீ தாளாளரிடம் போனாய். அவர் லட்டு கொடுத்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், லெட்டரின் ஒரிஜினலைக் கல்லூரி ஃபைலுக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டு உனக்கு ஜெராக்ஸ் கொடுத்தார். சான்றிதழ் கேட்டதும் குரல் மாறியது. பட்டியல் போடுகிற குழு ஜூலைக் கடைசியில் கல்லூரிக்கு நேரில் வருகிறது, விவரம் எல்லாம் உன் தலைக்குள் இருக்கிறது, அவர்கள் வந்து போகட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நீ அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்டாய். சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கின்றன என்று ஒரு கடிதமாவது கொண்டு வா என்றார்கள். அதற்கும் அவர் கையெழுத்துப் போடவில்லை. "அடுத்த வருஷம் போயேன்மா, அது எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் சென்னையில் ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய்.

"சாவி உங்கிட்டதான இருக்குது?"

"ஆமா."

"என் கவர மட்டும் எடுத்துக் குடுடி. பையி வூட்லயே கட்டி வெச்சிருக்கேன். அப்பா பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு இருக்காரு."

"கையெழுத்து இல்லாம எப்படிடி? ரிஜிஸ்டர்ல என்ன எழுதுறது?"

"என்னுதுதானடி அது. நான் இன்னா திருடவா சொல்றேன்?"

"திங்கக்கிழமை அவர்கிட்ட நான் பேசறேன்."

"திங்கக்கிழமை அங்க சேரணும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "சரி வுடு" என்று சொல்லிவிட்டு நீ டிபன் பாக்ஸை மூடிவைத்தாய்.

காரணம் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே பல சொல்லிக்கொண்டேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேலையில் இருக்கும் பெண் என்றுதான் பேச்சே. என் சான்றிதழும் அதே பீரோவில்தான் கிடந்தது. எல்லாம் நிஜம்தான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. நீ "சரி வுடு" என்றபோது என் வயிற்றுக்குள் ஒரு சின்ன நிம்மதி பரவியது. இவள் போகமாட்டாள், நாளைக்கும் பஸ்ஸில் இவளுக்கு நான் சீட் போட்டு வைப்பேன், இவள் என்னைவிட எங்கேயோ மேலே போய்விடமாட்டாள் என்று. சீ, என்ன பிறவி நான்! இதை உன்னிடம் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் நீ என்னை ஒரு அறை அறைந்திருப்பாய். அந்த அறையாவது எனக்கு மிச்சமாகியிருக்கும்.

குழு வந்தது. அதற்கு முந்தின நாள் தாளாளர், "உன் பேரையும் லிஸ்ட்ல சேத்துடும்மா" என்றார். நீ சேரவில்லையே என்று நான்தான் முணுமுணுத்தேன். "லெட்டர் இருந்தால் போதும். சேர்ந்தாளா இல்லையான்னு ஃபார்ம்ல கேள்வியே இல்லை" என்றார். நிஜம்தான், கேள்வி இல்லை. அத்தனை காலம் நாம் மூன்று கேள்வி கேட்டபோது நமக்கும் நாலாவது கேள்வி தோன்றவில்லை. உன் வரிசையை நீயே டைப் அடித்தாய். பெயர், துறை, வருஷம், அந்த நிறுவனம். அடித்து முடித்துவிட்டு, "பாரு பர்மனெண்டு, என்ன நானே அனுப்பி வெச்சிட்டேன்" என்றாய். கல்லூரி அந்த வருஷம் பட்டியலில் மேலே ஏறியது. எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். நீ அதை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாய்.

மறுபடி தேர்வு எழுது என்று நான் எத்தனை தரம் சொன்னேன்! புத்தகத்தைத் தொடவே இல்லை நீ. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் வடக்குத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். உனக்கும் வந்தது. கடலூரில் சேர்த்து, அங்கிருந்து பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் முடிந்துவிட்டது. நான் கடைசியாகப் பேசியது போனில், ஒன்றுமில்லாத பேச்சு. லேப் சாவி எங்கே என்று கேட்டேன், ஜன்னல் ஓரம் இருக்குது என்றாய்.

காரியம் முடிந்த மறுவாரம் உன் அப்பா கல்லூரிக்கு வந்தார். சான்றிதழ் வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தாளாளர் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார், ரிலீஸ் சீட்டில் அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டார். நான் பீரோவைத் திறந்து உன் கவரை எடுத்துக் கொடுத்தேன். ஈரம் படாமல், ஒரு மடிப்பு இல்லாமல் அப்படியே இருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். படிக்கத் தெரியாது, உன் போட்டோ இருக்கும் இடத்தில் மட்டும் நின்றார்.

"இத வெச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது?" என்று என்னைக் கேட்டார்.

ரிஜிஸ்டரில் அவர் பெருவிரலை வைத்து அழுத்தினேன்.

உன் சான்றிதழ்தான் போனது. உன் வரிசை போகவில்லை. பட்டியலில் இருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அந்த ஒரு பேருதான்மா நம்ம காலேஜுக்கு அழகு, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் தாளாளர். இரண்டு வருஷம் முதுநிலையில் இருந்தாய். முதுநிலை முடிகிற காலம் வந்ததும் என்ன போடுவது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆராய்ச்சின்னு போடு. அது முடிய அஞ்சாறு வருஷம் ஆகும்" என்றார். நான் போட்டேன். செத்த பிறகு உன்னை மேல்படிப்புக்கு அனுப்பியது இந்தக் கைதான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இன்னும் இதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் பட்டியல் போடுகிற ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சின்னக் குரல், நீ பேசுகிற மாதிரியே மரியாதையாகப் பேசினாள். லிஸ்டிலிருந்து சில பேரை எடுத்துச் சரிபார்க்கிறார்களாம். அதில் உன் பெயர்.

"இவங்க நம்பர் சுவிட்ச் ஆஃப்னு வருது மேடம். வேற நம்பர் இருக்குங்களா?"

"இல்லம்மா. அவ இறந்துட்டா."

"ஐயோ... சாரி மேடம். எப்போ, இப்ப ரீசன்டாவா?"

"நாலு வருஷம் ஆச்சு. அங்க அவ சேரவே இல்லம்மா. சேரவிடாம பண்ணது இந்தக் காலேஜு. நானும்தான்."

முதல்முறையாக வெளியே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் புரியுது மேடம். ஆனா எங்க சிஸ்டம்ல சேர்ந்தாங்களான்னு போட இடமே இல்ல. லெட்டர் இருந்தா போதும். ஸ்கேன்தான் தெளிவா இல்ல. ஒரிஜினல் லெட்டர இன்னொரு தரம் ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க. அது இல்லன்னா மட்டும்தான் இந்தப் பேரு ரிஜெக்ட் ஆகும்."

அவள்மேல் தப்பில்லை. அவளுக்கு முன்னால் ஒரு ஃபார்ம், அதில் மூன்று கேள்வி. நாமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். உன் பெயரை எடுத்துவிட்டால் நீ அந்த இடத்தை ஜெயித்ததற்கு இந்த உலகத்தில் எங்கேயும் எழுத்து இல்லாமல் போய்விடுமே என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. விட்டுவைத்தால் நீ இன்னும் சில வருஷம் இவர்களுக்காகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று காலை அந்த ஆறாம் பக்கத்தைப் பார்த்ததும் போதும் என்று தோன்றியது.

சாயங்காலம் நாலே முக்கால் இருக்கும். தாளாளர் அறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நான் அவர் எதிரிலேயே பீரோவைத் திறந்து, ஃபைலிலிருந்து உன் லெட்டரை எடுத்தேன். ரிஜிஸ்டரில் ஒன்றும் எழுதவில்லை. பூட்டினேன். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பையில் வைத்து ஜிப் போட்டேன். அவர் தலையைத் தூக்கி, "கிளம்பிட்டியாம்மா?" என்றார். "ஆமா சார்" என்றேன். வாட்ச்மேன் அண்ணனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நாளைக்கு அவர்கள் தேடுவார்கள், என்னைக் கேட்பார்கள், வேலை போனாலும் போகும். லெட்டரை உன் அப்பாவிடம் கொடுப்பதா, என்னிடமே வைத்துக்கொள்வதா என்று இன்னும் தெரியவில்லை. இப்போது என் மடியில்தான் இருக்கிறது.

எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லையடி. யாரும் என்னை நிறுத்தவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.